முதல் தவறு பொம்மையிடமே நிகழட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் விரிவாக்கம்)



தாதியர் கல்வியைப் பற்றி நாம் நடத்திய கருத்தரங்கு முடியும் வேளையில், பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த ஒரு தந்தை எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். அவர் கேட்டது இதுதான்:

"ஏம்மா, கடன் எடுத்துத்தான் என் மகளைத் தாதியர் கல்லூரியில சேர்த்திருக்கேன். ஒரு நாள் பார்க்கப் போனா, ஒரு பொம்மைக்குப் போர்வையைப் போத்திவிட்டு, அதுகிட்ட 'வலிக்குதா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறா. சின்ன வயசுல வீட்டுல விளையாடினதையே அங்க போய் விளையாடறதுக்கா நான் காசு கட்டுறேன்?"

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டதால் அன்று நான் நாலு வார்த்தை சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டேன். அது சரியான பதில் அல்ல என்பது வீடு திரும்பும்போது பாலத்தின் மேலேயே எனக்கு உறைத்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஒத்திகை இல்லாத நேரலை

பொதுமக்கள் தொடர்பியல் டிப்ளோமா படித்த காலத்தில் எங்களை உடனே நேரலைக்கு அனுப்பிவிடவில்லை. விளக்கு இல்லாத கேமராவின் முன்னால் உட்கார வைத்து, இல்லாத நேயர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். அப்போது எங்களுக்கும் அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் என் முதல் நேரலையில் சிறப்பு விருந்தினரின் பெயரை மாற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்; அவரும் சிரித்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது.

தாதியின் வேலையில் அப்படி முடிவதில்லை. மருந்தின் அளவு ஒரு புள்ளி தள்ளிப் போனால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய முடியாது. அப்படியிருந்தும் பல காலமாக மருத்துவக் கல்வி நோயாளியின் உடம்பிலேயே நடந்து வந்தது. 'ஒரு முறை பார், ஒரு முறை செய், ஒரு முறை கற்றுக்கொடு' என்பதே பல மருத்துவமனைகளில் எழுதப்படாத பாடத்திட்டம். அந்த முதல் 'ஒரு முறை செய்' யாருடைய கையில் ஏறிய ஊசி என்று கேட்டால் எவரிடமும் பதில் இருக்காது. பெரும்பாலும் இலவச வார்டில் படுத்திருந்த ஓர் ஏழையின் கையாகத்தான் இருந்திருக்கும்.

பொம்மை செய்தவர்கள் செய்த உபகாரம்

இந்த நிலையை மாற்றியதில் விளையாட்டுப் பொம்மை செய்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மைகள் செய்து வந்தவர் மார்த்தா சேஸ் அம்மையார். ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் தாதியர் பள்ளி கேட்டுக்கொண்டதன் பேரில், ஆள் உயரத்திற்கு ஒரு பொம்மையைச் செய்து 1911ஆம் ஆண்டில் கொடுத்தார். 'திருமதி சேஸ்' என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, கட்டுப்போட்டுத்தான் பல தலைமுறைத் தாதியர் தொழில் கற்றார்கள்.

அடுத்தவர் நார்வே நாட்டின் ஓஸ்மண்ட் லேர்டால். அவரும் பொம்மை வியாபாரிதான். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை மக்களுக்குக் கற்றுக்கொடுக்க, 1960ஆம் ஆண்டில் 'ரெசஸி ஆன்' என்னும் பொம்மையை உருவாக்கினார். இன்று பள்ளியிலோ தொழிற்சாலையிலோ முதலுதவி வகுப்பில் நீங்கள் நெஞ்சை அழுத்திப் பழகியிருந்தால், பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பொம்மையைத்தான் அழுத்தியிருப்பீர்கள்.

1963இல் ஹோவார்ட் பாரோஸ் என்னும் மருத்துவர், நோயாளியைப் போல் நடிக்கப் பழக்கப்பட்ட மனிதர்களை வைத்துப் பாடம் நடத்தினார். 1960களின் இறுதியில், மூச்சு விடும், கண் இமைக்கும், கணினியால் இயங்கும் முதல் பொம்மை கலிபோர்னியாவில் உருவானது. இன்றைய பொம்மைகளுக்கு நாடி துடிக்கும், வியர்க்கும், இரத்தம் கசியும். அடுத்த அறையில் இருக்கும் ஆசிரியர் ஒலிபெருக்கி வழியாகப் பேச, அது 'மிஸ்ஸி, மயக்கமா வருது' என்று சொல்லவும் செய்யும்.

இந்த முறைக்குப் பாவனைப் பயிற்சி என்று பெயர். ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்கிறார்கள்.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கட்டிலில் இருக்கும் 'தாய்க்கு'ப் பிரசவம் முடிந்து 10 நிமிடம் ஆகிறது. குழந்தை நலம். தாய்க்கு மட்டும் இரத்தப் போக்கு நிற்கவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தமோ, அதற்கு மேலோ பாய்கிறது. ஆகவே, இது மணிக்கணக்கில் யோசிக்கக்கூடிய ஆபத்து அல்ல, நிமிடக் கணக்கு.

இரண்டு தாதிகள் உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்க்க வேண்டும். ஒருவர் உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். கருப்பையைச் சுருக்கும் மருந்து ஏற வேண்டும். இரத்த வங்கிக்குச் சொல்ல வேண்டும். மருத்துவர் வந்ததும் அரை நிமிடத்திற்குள் நிலைமையை விளக்க வேண்டும். இதில் எதுவுமே அந்த மாணவிகளுக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனாலும், 'நீ சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்தேன்' என்று இருவருமே இருந்துவிடுவதால் இரத்த வங்கிக்கு யாரும் அழைக்காமலே போகிறது.

இன்னொன்றும் அங்கே புலப்படும். துணியில் ஊறிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து, 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டியது. இரத்தத்தை அளந்து காட்டும் கோடு போட்ட விரிப்பு, செய்ய வேண்டிய சிகிச்சைகளை ஒரே கட்டாகச் செய்யும் முறை, அதற்கான பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, கடுமையான இரத்தப் போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. பயிற்சி மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. பயிற்சி இல்லாமல் அந்த விரிப்பு மட்டும் சாதித்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

'எனக்குத் தெரிஞ்சுது அக்கா'

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமல்ல. மறுநாள் மாலையில் அத்தையின் மூச்சு வேகமாக இருப்பதை ஓர் இளம் தாதி கவனித்து அட்டையில் குறித்தார். சீனியர் வந்து பார்த்துவிட்டு, வலியினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போனார். இளம் தாதி ஒன்றும் பேசவில்லை. இரவில் அத்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால், நடைவழியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "எனக்குத் தெரிஞ்சுது அக்கா. ரெண்டாவது தடவை சொல்லத்தான் தைரியம் வரல."

அந்தப் பெண்ணிடம் அறிவுக் குறைவு இல்லை. கவனக் குறைவும் இல்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று நாம் வளர்த்த வளர்ப்புதான் அன்று அவள் வாயைக் கட்டியது. வீட்டில் அது மரியாதை. வார்டில் அது சில நேரம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

விமானத் துறை இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃபே தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். பனிமூட்டத்தில் ஒரு விமானம் மேலெழ ஓடத் தொடங்கியபோது, எதிரே இருந்த விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று அதன் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி விலகிவிட்டதாகச் சொல்ல, பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். 1980களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபாவும் அவருடைய குழுவினரும் பாவனைப் பயிற்சியின் வழியாக இதை அறுவைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது அதற்கென்று வாய்பாடுகளே உள்ளன. மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் தாதி நான்கு விஷயங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும்: இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு வேண்டியது. "டாக்டர், 7ஆம் கட்டில் அம்மாவுக்கு மூச்சு வேகம் நிமிடத்திற்கு 32. நேற்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆனவர். வலியினால் மட்டும் இப்படி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." இவ்வளவுதான். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை; மழுப்பலும் இல்லை. முதல் முறை சொன்னது எடுபடாவிட்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும், அதுவும் எடுபடாவிட்டால் அடுத்த மேலதிகாரியிடம் போக வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு விதி.

படிக்கும்போது இது எளிது. நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கத்திலிருந்து எழுந்த மருத்துவரின் எரிச்சல் குரலுக்கு முன்னால் அந்த நாலு வரி நாக்கில் வர வேண்டுமானால், முன்பே பத்து முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

'எல்லாம் சரி, பொம்மையோடு படித்தவர்கள் நோயாளியோடு படித்தவர்களுக்கு ஈடாவார்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் 10 தாதியர் கல்வி நிறுவனங்களில் நடந்து 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 666 மாணவர்கள் இறுதிவரை பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் வழக்கம் போல் மருத்துவமனையில் பயின்றார்கள். இரண்டாம் பிரிவினருக்கு வார்டு நேரத்தில் 25 விழுக்காடும், மூன்றாம் பிரிவினருக்கு 50 விழுக்காடும் பாவனைப் பயிற்சியாக மாற்றப்பட்டன. அறிவிலோ, செயல்திறனிலோ, உரிமத் தேர்விலோ மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், அங்கே பயிற்றுநர்கள் இதற்கென்றே பழக்கப்பட்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. நல்ல ஆசிரியர் இல்லாமல் பொம்மையை மட்டும் வாங்கி வைத்தவர்கள் இந்த ஆய்வைக் காட்டிப் பெருமைப்பட முடியாது.

நோயாளிக்கு என்ன பயன்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனையில், பிரசவப் பிரிவின் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் ஆண்டுதோறும் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். பிரசவத்தில் குழந்தையின் தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் அவசர நிலையில், குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தது. இந்த முடிவு 2008இல் வெளியானது. ஆயினும், பயிற்சி நடத்திய எல்லா ஊர்களிலும் இப்படி நடந்துவிடவில்லை. தாங்கள் வேலை செய்யும் இடத்திலேயே, தாங்கள் கையாளும் கருவிகளைக் கொண்டே, மொத்தக் குழுவும் சேர்ந்து பழகியதுதான் பிரிஸ்டலின் பலம்.

விலை உயர்ந்த பொம்மை வேண்டும் என்பதும் இல்லை. தான்சானியாவில், பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் காப்பாற்றும் பயிற்சிக்குத் தண்ணீர் நிரப்பிய எளிய குழந்தைப் பொம்மையைப் பயன்படுத்தினார்கள். 8 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. பிறந்து 24 மணி நேரத்திற்குள் நிகழும் இறப்புகள் 47 விழுக்காடு குறைந்திருந்தன. அதே நாட்டின் ஒரு கிராமப்புற மருத்துவமனையிலோ, ஒருநாள் வகுப்பு எடுத்தவர்கள் பொம்மையிடம் நன்றாகச் செய்தும், பிரசவ அறையில் பழையபடியேதான் செய்தார்கள். பிறகு, வேலைக்கு நடுவே சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி செய்யும்படி மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இறப்புகள் குறைந்தன. சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் முன்னோர் சொன்னது மருத்துவத்திற்கும் பொருந்துகிறது.

பயிற்சிக்குப் பின் நடக்கும் பேச்சு

தொலைக்காட்சியில் இருப்பவள் என்பதால், பயிற்சியைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டுவதுதான் இதில் முக்கியம் என்று நானும் நினைத்திருந்தேன். கனடாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. மயக்கவியல் பயிலும் இளம் மருத்துவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். பயிற்சிக்குப் பின் ஒன்றும் பேசாமல் விடப்பட்டவர்கள் அடுத்த முறை முன்னேறவில்லை. உட்கார்ந்து பேசியவர்கள் முன்னேறினார்கள். படத்தையும் போட்டுக் காட்டிப் பேசியவர்களுக்கு, வெறுமனே பேசியவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஆக, பயிற்சியின் உயிர்நாடி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அதட்டாமல், 'அந்த நேரத்தில் உன் மனத்தில் என்ன ஓடியது?' என்று ஆசிரியர் கேட்க வேண்டும். தவறைச் சொன்னால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் தவறைச் சொல்லமாட்டார்கள், மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இந்தப் பண்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிரசவத்தில் தாய் இறந்தால், யார் குற்றவாளி என்று தேடாமல், எங்கே பிசகியது என்று ஆராயும் இரகசிய விசாரணை முறை மலேசியாவில் 1991ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் இறப்பிலிருந்தும் ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பாவனை அறையில் அதே கேள்வியைக் கேட்கிறோம். ஆனால், யாரும் இறப்பதற்கு முன்னால் கேட்கிறோம்.

பினாங்கில் நாம் கேட்க வேண்டியவை

நம் ஜார்ஜ்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிடென்சி சாலையில் பினாங்குப் பொது மருத்துவமனை. பக்கத்திலேயே செப்பாய் லைன்ஸ் சாலையில், அயர்லாந்தின் இரண்டு கல்வி நிறுவனங்களோடு இணைந்து 1996இல் அமைந்த மருத்துவக் கல்லூரி. இதே பினாங்கில் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியும், தனியார் தாதியர் கல்லூரிகளும் உள்ளன. இப்படி ஒரே ஊரில் படித்தாலும், வருங்கால மருத்துவரும் வருங்காலத் தாதியும் ஒருவரையொருவர் முதன்முதலில் சந்திப்பது நோயாளியின் கட்டிலருகே என்றால், அங்கே குழு எப்படி உருவாகும்? தாளக்காரரும் நாதஸ்வரக்காரரும் கல்யாண மேடையில்தான் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்றால் அந்தக் கச்சேரி எப்படி இருக்கும்?

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பயிற்சிக்காக வார்டுகளுக்குப் போய்வந்த மாணவர்களின் பாதை அடைபட்டது. அந்தச் சமயத்தில் உலகெங்கும் கல்லூரிகளுக்குக் கைகொடுத்தவற்றில் பாவனைப் பயிற்சியும் ஒன்று. அவசரத்திற்குப் பிடித்த அந்த ஊன்றுகோலை இனி அன்றாடத் துணையாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, பிள்ளைகளைத் தாதியர் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர்களே, அந்தக் கல்வித் திட்டத்திற்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பாவனைப் பயிற்சி வாரந்தோறும் நடக்கிறதா, அல்லது விருந்தினர் வரும் நாளில் மட்டும் பொம்மையின் உறையைக் கழற்றுகிறார்களா?

2. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கப்படுகிறதா?

3. அதை நடத்தும் ஆசிரியர் அதற்கென்று பயிற்சி பெற்றவரா?

4. மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து பழக வாய்ப்பு உண்டா?

5. வார்டுப் பயிற்சியும் போதுமான அளவு இருக்கிறதா?

இந்த ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொம்மைக்குப் பயம் கிடையாது. கட்டிலின் மறுபக்கம் நின்று அழும் மாமியார் கிடையாது. 'தமிழ்ல சொல்லும்மா, எனக்கு மலாய் விளங்கல' என்று கையைப் பிடித்துக்கொள்ளும் தோட்டத்துப் பாட்டி கிடையாது. அதையெல்லாம் மனிதர்களிடம்தான் கற்க முடியும். பொம்மை தரக்கூடியது வேறொன்று: தவறு செய்யவும், அதே தவறைப் பிறகு யாரிடமும் செய்யாமல் இருக்கவும் ஒரு வாய்ப்பு.

பட்டர்வொர்த் ஐயா அவர்களே, உங்கள் மகள் விளையாடவில்லை. பொம்மையிடம் 'வலிக்குதா' என்று கேட்கப் பழகுகிற பிள்ளை, நாளை நம் வீட்டுப் பெண்ணிடம் அதைக் கேட்க மறக்கமாட்டாள். அடுத்த முறை போகும்போது இன்னொன்றையும் விசாரித்து வாருங்கள். பெரிய டாக்டரே தவறாகச் சொன்னாலும், 'எனக்குக் கவலையாக இருக்கிறது டாக்டர், மறுபடி பாருங்கள்' என்று சொல்ல அவளுக்கு அங்கே கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால், நீங்கள் எடுத்த கடன் வீண் போகவில்லை.

வீட்டிலும் அவளைக் கொஞ்சம் பேச விடுங்கள்.